நாளைக்கு வேண்டாம்

கோவிந்தனுக்கு மகளோடு பெங்களூருக்குப் போக விருப்பமில்லை. மனைவி சரோஜம்மா இறந்து ஒரு வருஷமாகிறது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஊரிகம் லைன் வீட்டில் இப்போது தனி ஆள்தான். ஆனாலும் சாயங்காலமானால் பக்கத்து வீட்டு யேசுதாஸோடு கேரம் இருந்தது. மகள் வாணி பிடித்த பிடியை விடாமல், பக்கத்தில் கோரமண்டலில் நடந்த முதியோர் மனநல முகாமுக்கு அவரை அழைத்துப் போனாள். மனசு தெம்பாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும். இதுதான் பேச்சு; டாக்டரிடமும் வாணி இதைச் சொல்லிவைத்தாள். யேசுதாஸும் கூடவே தொற்றிக்கொண்டார்.

டாக்டர் மமதா மைசூர்ப் பக்கத்துப் பெண். கேள்விகளைக் கன்னட வாடை வீசும் தமிழில் கேட்டாள்.

"நாளைக்கு நல்லா இருக்கும்னு நம்பிக்கை இருக்குதா?"

"இல்லம்மா."

"அடுத்த மாசம் ஏதாவது செய்யணும்னு யோசனை?"

"ஒண்ணும் இல்ல."

"எதையாவது ஆசையா எதிர்பார்க்கறீங்களா?"

"இல்லவே இல்ல."

மமதாவின் முகம் வாடியது. வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒழுங்காகத்தானே பதில் சொல்கிறோம், இவர்களுக்கு என்ன வந்தது என்று கோவிந்தனுக்கு விளங்கவில்லை.

யேசுதாஸ் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இன்னா டாக்டரம்மா, இவன்கிட்ட போயி நாளைக்கின்னு கேக்கறீங்க. சுரங்கத்துல எறங்கனவன். கீழ எறக்கற கேஜ்ல ஏறும்போது நாளைக்கு அது செய்யறேன் இது செய்யறேன்னு எவனும் வாயத் தொறக்க மாட்டான். பாறை கேட்டுக்கும்னு பயம். சுரங்கத்தை மூடியும் இவனுக்கு அது போவல."

"சரோஜாவும் அப்படித்தான்," என்றார் கோவிந்தன். "எப்ப வருவீங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஆனா நான் வரும்போது சுடுதண்ணி காஞ்சிருக்கும்."

மமதா பேனாவை மூடினாள். "கண்ணு பட்டுடும்னு எங்க வீட்லயும் கொழந்தை நல்லா கொழுகொழுன்னு இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. சரி, நாளைக்கு வேண்டாம். நேத்து எதுக்கு சிரிச்சீங்க?"

கோவிந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேத்தா? இவன் செவப்புக் காயை அடிக்கப் போயி தும்முனான். பல்லு செட்டு பறந்து வந்து காயைக் குழியில தள்ளிடுச்சு. அதுக்கும் பாயிண்ட் குடுன்னு ஒரே சண்டை."

"என் பல்லுதானே தள்ளுச்சு?" என்றார் யேசுதாஸ்.

வாணி சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மமதா தன் பங்குக்குச் சிரித்து முடித்து, "இவர் இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

வெளியே வந்ததும் வாணி கேட்டாள்: "நாளைக்கு ஆட்டம் உண்டாப்பா?"

"யாருக்குத் தெரியும்," என்றார் கோவிந்தன். சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போய் கேரம் பவுடர் கேட்டார். பெரிய டப்பாவாக.