பேரம் பேசாத நகர்

கண்ணமங்கலத்திலிருந்து படவேடு போகிற சாலையில், ஜவ்வாது மலை காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் இடத்தில், மூன்று வருடத்துக்கு முன் ஒரு வளைவு எழும்பியது. வளைவில் 'ஜவ்வாது சேட்டிலைட் சிட்டி' என்று பெரிதாகவும், 'சென்னையின் மடியில்' என்று சிறிதாகவும் எழுதியிருந்தது. சென்னையின் மடி நூற்றைம்பது கிலோமீட்டர் நீளம் என்பது வீடு வாங்கியவர்களுக்கு வாங்கிய பிறகுதான் உறைத்தது. இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் வேலூரைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட மாமாவைத்தானே சொல்வார்கள், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தினமும் சோறு போடுகிற சித்தப்பாவையா சொல்வார்கள்?

இருநூற்றுப் பத்து வீடுகள். நடுவில் பூங்கா, பூங்காவை ஒட்டிக் கடை என்று கட்டிய ஒரே ஓர் அறை. அந்த அறையைத்தான் நசருல்லா வாடகைக்கு எடுத்தார்.

நசருல்லாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கண்ணமங்கலத்தில் புளி மண்டி வைத்திருந்தார். மலையிலிருந்து புளியோ சாமையோ தேனோ இறங்கினால் அவர் தராசில் ஒரு முறை ஏறாமல் வேலூர் போவது அபூர்வம். அவருடைய அப்பா வாணியம்பாடியில் தோல் வாங்கி விற்றவர். மட்டமான தோலைத் தடவும்போது தலையை ஆட்டி ரசிப்பார். நல்ல தோல் கையில் பட்டால்தான் முகத்தைச் சுளிப்பார். பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே நசருல்லா அந்த முகத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

புதிய நகருக்கு வண்டிகள் போய்வர வேண்டுமென்று சாலையை அகலப்படுத்தியதில் மண்டியின் முன்பாதி போய்விட்டது. மீதியில் மூட்டை நிற்கும், மனிதன் நிற்க முடியாது. பாதி மண்டியைத் தின்ற நகரம்தான் இனிமேல் தனக்குச் சோறு போட வேண்டும் என்று நசருல்லா முடிவு செய்தார். நகரத்து ஆட்களுக்கு நகரத்துக் கடை என்று கண்ணாடிக் கதவு போட்டார். ஸ்டீல் ரேக், தரையில் டைல்ஸ், பகலிலும் எரிகிற ட்யூப் லைட். புளியைக் கண்ணாடிக் கவரில் கட்டி அடுக்கினார். சந்தைப் பழக்கப்படி காலை ஒன்பதுக்குத் திறந்தார், மாலை ஆறுக்குப் பூட்டினார்.

ஒன்பதிலிருந்து ஆறு வரை அந்த நகரில் ஆளே இல்லை.

காலை ஆறரைக்குள் நான்கு வேன்கள் வேலூருக்குப் போய்விடும், இரண்டு ராணிப்பேட்டைக்கு. அதன் பிறகு கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி ஆகிவிடும். நாற்காலிகள் இருக்கும், தண்ணீர்த் தொட்டி இருக்கும், சில வீடுகளில் டி.வி. சத்தம் இருக்கும். இரவு எட்டு மணிக்கு வேன்கள் திரும்பும்போது எல்லோர் கையிலும் வேலூர் பை. பைக்குள் கத்தரிக்காய், அவரைக்காய், வாழைப்பழம். விடியலில் படவேட்டு வயலிலிருந்து மினி லாரியில் வேலூர் போன அதே சரக்கு, இரண்டு கை மாறி, கொஞ்சம் வதங்கி, வேனில் ஒருவர் மடியில் உட்கார்ந்து ஊர் திரும்பும். நசருல்லா அதற்காக யாரையும் திட்டவில்லை. நடுவில் இரண்டு பேர் சம்பாதித்திருக்கிறார்கள். அதில் தான் ஒருவராக இல்லையே என்பதுதான் வருத்தம்.

நகரின் வாசலைக் கூட்டுவதும் காவல் காப்பதும் மாணிக்கம்மாளின் வேலை. படவேட்டுக்காரி. பகலெல்லாம் பேச்சுத்துணைக்கு அவள் ஒருத்திதான்.

"இன்னா பாய், யாருக்குக் கடை தொறந்து வச்சிக்கினு கீற? நாய்ங்களுக்கா?"

"நீ கீறியேம்மா. நீ வாங்கு."

"நான் எங்கூர்லயே வாங்கிப்பேன். உன் கடைக்குள்ளாற வந்தா கால வைக்கவே கூசுது. செருப்ப வெளிய வுடணுமா, உள்ள வுடணுமா, அதே தெரில."

நசருல்லா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீதாஞ்சலி வந்தாள். ஆரணியில் பிறந்தவள், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு கிலோ புளியை எடுத்துக் கேட்டாள்.

"எவ்ளோங்க பாய்?"

"இருநூத்தி இருவது."

நசருல்லா மனதில் நூற்று அறுபது. இடையில் இருக்கிற அறுபது ரூபாய் விலையில் சேர்ந்ததல்ல. அது இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதற்குப் போட்டு வைத்த பாய். அவள் நூற்று இருபது என்பாள், அவர் சிரிப்பார், அவள் போவது போலப் போவாள், அவர் கூப்பிடுவார். நாலு வார்த்தை பேசி, கடைசியில் கொசுறாக ஒரு பிடி அள்ளிப் போட்டு அனுப்பினால்தான் வந்தவளுக்கு மரியாதை.

கீதாஞ்சலி போனை எடுத்துக் காட்டினாள். கடையிலிருந்த பெட்டி, இருநூற்று இருபது ரூபாய் வந்துவிட்டதென்று பெண் குரலில் சொன்னது. அவள் போய்விட்டாள். பூட்டியிருக்கிறதென்று நம்பிச் சாய்ந்த கதவு திறந்துகொண்டதைப் போல நசருல்லா தடுமாறி நின்றார்.

நசருல்லா வீட்டில் பேச்சு உருதுவில், கணக்கு தமிழில், சண்டை இரண்டிலும். அன்று சாப்பிடும்போது மனைவி ஜெய்புன்னிசாவிடம் சொன்னார்.

"அப்ப திருடிட்டீங்க," என்றாள் அவள்.

"கேட்டிருந்தா கொறச்சிருப்பேன்."

"அதான் கேக்கலியே. அறுபது ரூபாய கூப்ட்டுக் குடுக்க வேண்டியதுதானே?"

"கூப்ட்டுக் குடுத்தா, நான் சொன்ன வெல பொய்யின்னு நானே சொல்ற மாதிரி ஆயிடுமே."

"மெய்யா அது?"

நசருல்லா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் வந்தவர்களும் அப்படியே. கேட்டார்கள், கொடுத்தார்கள், போனார்கள். இல்லையென்றால் கேட்டார்கள், ஒன்றும் சொல்லாமல் போனார்கள். ஒரே ஆள் இரண்டாம் முறை வரவில்லை. காரணம் ஒரு மாதம் கழித்துச் சக்கரவர்த்தி மூலம் வந்தது. அவர் நகரின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் காற்றுக்காக இங்கே வந்தவர்.

"பாய், குரூப்ல உங்கள வறுத்து எடுக்கறாங்க," என்று போனை நீட்டினார். கீதாஞ்சலி போட்டிருந்தாள்: இதே புளி போளூரில் நூற்று ஐம்பது. நம்ம நகரிலேயே நம்மை ஏமாற்றுகிறார்கள். கீழே நாற்பத்தேழு பேர் கட்டை விரல் தூக்கியிருந்தார்கள்.

"உங்க அக்ரிமென்ட் பதினோரு மாசம். இந்த மாசத்தோட முடியுது. வேலூர்லேர்ந்து ஒரு கம்பெனி இந்த ரூமைக் கேக்கறான். போன்ல ஆர்டர் போட்டா இங்க கொண்டாந்து வச்சிடுவானாம், சாயங்காலம் எடுத்துக்கலாமாம். ஞாயித்துக்கிழமை மீட்டிங். சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலேன்னு சொல்லாதீங்க."

இந்த இடமும் போனால் மீதி இருப்பது பாதி மண்டி. அதில் புளி இருக்கலாம். நசருல்லா எங்கே இருப்பது?

சரக்கு நம்மைத் தாண்டிப் போனால் அது போன வழியில் நாமும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் வழக்கம். வியாழக்கிழமை கடையைத் திறக்கவில்லை. மதியத்துக்கு மேல் பஸ் ஏறி வேலூர் போனார். சாயங்காலம், வேன்கள் நிற்கிற தெருவில் ஓர் ஓரமாக நின்றார்.

கீதாஞ்சலி வந்தாள். முருங்கைக்காய்க்காரி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இருவது ரூபாய்க்கு மூணா? இன்னாம்மா, காதுல போட்டுக்கற கம்மலா விக்கற?"

"நீ இன்னா குடுக்கற, சொல்லு."

"இருவதுக்கு ஆறு."

"அந்த வெலைக்கு எலைதான் வரும்."

"எலையும் சேத்துக் குடு. எங்கூர்ல வேலில காய்க்குது இது."

"அப்ப ஊருக்குப் போயி வேலிய மேயேன்."

கீதாஞ்சலி எழுந்து எட்டடி நடந்தாள். முருங்கைக்காய்க்காரி வேறு பக்கம் பார்த்தாள். ஒன்பதாவது அடியில் கூப்பிட்டாள். ஐந்து காயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கைமாறின. இரண்டு பேர் முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. நசருல்லாவுக்குக் கச்சேரி கேட்ட மாதிரி இருந்தது.

வேனில் இடம் கேட்டு அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். கணியம்பாடி தாண்டுகிற வரை பொறுத்துக்கொண்டார்.

"ஏம்மா, அங்க அவ்ளோ சோக்கா பேசினியே. என் கடையில ஒரு வார்த்த பேசலியே?"

அவள் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் நெளிந்தாள். பிறகு, வருவது வரட்டும், சொல்லிவிடுவோம் என்கிற மாதிரி சொன்னாள்.

"உங்க கடையில கண்ணாடிக் கதவு கீதே பாய். லைட்டு, ரேக்கு எல்லாம் வச்சிக்கிறீங்க. அங்க வந்து கொறச்சிக் குடுன்னு எப்டிக் கேக்கறது? எதிர் வூட்டுக்காரங்க வேற நிக்கறாங்க. நீங்க சொன்னதுதான் வெலன்னு நெனச்சேன்."

"நீ கேப்பேன்னு நான் நெனச்சேன்."

"கேளுன்னு நீங்க சொல்லியிருக்கலாமில்ல?"

"வெல சொல்றவனே கொறச்சிக் கேளுன்னு எப்டிம்மா சொல்லுவான்?"

வேனில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பதினோரு மாதமாகத் தன் கையாலேயே வாசலில் 'பேசாதே' என்று எழுதாமல் எழுதி மாட்டியிருந்தது நசருல்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கதவுக்குக் கொடுத்த விலையிலும் அவர் பேரம் பேசியிருந்தார் என்பது வேறு.

"அப்ப குரூப்புல போட்டத எடுத்துடேன்," என்றார்.

"எடுத்தா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும் பாய். வேற எதுனா கேளுங்க."

நியாயம்தான். அவரும் அன்று ரசம் ஊற்றிக்கொள்வதற்கு முன் ஜெய்புன்னிசாவிடம் அதைத்தானே சொன்னார்.

வேன் வளைவுக்குள் நுழைந்து நின்றது. பின்னாலேயே மற்ற வேன்கள். பத்தே நிமிடத்தில் நூறு பேர் இறங்கினார்கள். இறங்கினவர்கள் இடது பக்கம் ஐந்தாம் தெருவுக்கும் வலது பக்கம் ஒன்றாம் தெருவுக்கும் பிரிந்தார்கள். பூங்கா பக்கம் ஒரு கால் கூடத் திரும்பவில்லை. வாசலை ஒட்டி, புங்க மரத்தடியில், தகரக் கூரை போட்ட சைக்கிள் கொட்டகை ஒன்று இருந்தது. சைக்கிள் என்று மாணிக்கம்மாளுடையது ஒன்றுதான் அதில் நின்றது. நூறு பேரும் அதைத் தாண்டித்தான் போனார்கள்.

கடை அதுதான் என்று நசருல்லாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவுடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அதற்குள் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டார். கீதாஞ்சலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவரையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கேட்டால் கிடைக்காது. கேட்டாலே அதற்கு ஒரு விலை வந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நசருல்லா கொட்டகை என்கிற வார்த்தையே எடுக்கவில்லை. அறைக்காகச் சண்டை போட்டார்.

"ரூம வுட முடியாதுங்க. கதவு நான் போட்டது, ரேக்கு நான் போட்டது. ரோடு போடறேன்னு மண்டியையும் எடுத்தீங்க. இப்ப இதையும் எடுத்தா நான் எங்க போயி நிக்கறது?"

"ரோடு போட்டது நாங்க இல்ல பாய்," என்றார் சக்கரவர்த்தி.

"உங்களுக்கோசரம்தானே போட்டாங்க?"

கூட்டத்தில் சலசலப்பு. கம்பெனி தருகிற வாடகை அதிகம் என்றார் ஒருவர். பாயும் பாவம்தான் என்றார், பாயிடம் இதுவரை ஒன்றும் வாங்காத ஒருவர். அப்போது கீதாஞ்சலி எழுந்தாள்.

"ரூம கம்பெனிக்கே குடுங்க சார். வாசலாண்ட சைக்கிள் ஷெட்டு சும்மாதானே கெடக்குது. பாய அங்க போட்டுக்கச் சொல்லுங்க."

நசருல்லாவின் அப்பா உயிரோடிருந்திருந்தால் மகனின் முகத்தைப் பார்த்து மகிழ்ந்திருப்பார். அப்படி ஒரு சுளிப்பு.

"அந்தக் கொட்டாயா? மூணு பக்கம் சுவரே இல்ல. மழ பேஞ்சா புளி கரைஞ்சி ரசமாப் பூடும்."

"தார்ப்பாய் கட்டிக்கலாம்," என்றார் சக்கரவர்த்தி. "வாடகை மூவாயிரம்."

"சுவரு இல்லாத எடத்துக்கு மூவாயிரமா? வேணாங்க. நான் கண்ணமங்கலத்துக்கே போய்ட்றேன்." நசருல்லா எழுந்தார். எட்டடி நடந்தார். ஒன்பதாவது அடியில் கூப்பிட்டார்கள்.

ஆயிரத்து ஐந்நூறில் முடிந்தது. ஆனால் சக்கரவர்த்தி ஒரு நிபந்தனை வைத்தார்: விலைப்பலகை வைக்க வேண்டும், எல்லாச் சரக்குக்கும் விலை எழுத வேண்டும். இந்தத் தடவை நசருல்லாவின் முகம் தானாகவே சுளித்தது. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது சக்கரவர்த்தி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நான் அம்பத்தூர்ல வீடு கட்டினப்ப அதுவும் சிட்டிக்கு வெளியதான் பாய். எல்லாரும் காலைல போயி ராத்திரி வருவோம். ஸ்டேஷன் வாசல்ல ஒரு கீரைக்கார அம்மா உக்காருவாங்க. இப்ப அவங்க பேரன்ங்க மூணு மாடி கட்டிட்டாங்க."

நசருல்லா அவரைப் பார்த்தார்.

"மூவாயிரத்துலயே நின்னிருக்கணுமோ?" என்றார் சக்கரவர்த்தி.

"மழ பேஞ்சா நீங்களே வந்து பாருங்க சார்," என்றார் நசருல்லா.

மூன்றாம் நாள் கொட்டகையில் தார்ப்பாய் கட்டினார். ரேக்குகளைக் கம்பெனிக்காரனிடமே விற்றார். புளியைக் கவரிலிருந்து பிரித்துச் சாக்கு மேல் குவித்தார். சாமை மூட்டைகளின் வாயைச் சுருட்டி வைத்தார். காலை ஐந்தரையிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து ஒன்பது. நடுவில் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். மாணிக்கம்மாள் முதல் வேலையாகச் செருப்புக் காலோடு வந்து ஒரு புளியங்கொட்டையைப் பல்லில் வைத்துப் பார்த்தாள். பூங்காப் பக்கம் கண்ணாடி அறையில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒரு பெட்டியில் புளிப் பொட்டலம் இருந்தது, கிலோ இருநூற்று எண்பது. போன மாதம் வேலூருக்குத் தான் ஏற்றிய புளி மாதிரிதான் நசருல்லாவுக்குத் தெரிந்தது. கவர் நன்றாக இருந்தது.

எட்டு மணிக்கு வேன் நின்றது. கீதாஞ்சலி முதலில் இறங்கினாள். புதுப் பலகை புங்க மரத்தில் தொங்கியது: புளி கிலோ 200. மற்றவர்களும் பின்னால் நின்றுவிட்டார்கள். நசருல்லா தராசைத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காதவர்போல இருந்தார். பேசுகிற பெட்டி எங்கே இருநூறு வந்துவிட்டதென்று சொல்லிவிடப் போகிறதோ என்று அதையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீதாஞ்சலி பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். சாக்கின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சுளையைப் பிய்த்தாள்.

"போர்டு அங்கயே தொங்கட்டும் பாய். நீங்க எவ்ளோக்குத் தர்றீங்க?"

"நீ இன்னா குடுக்கற, சொல்லு."

"நூத்திப் பத்து."

நசருல்லா, பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, வாங்க வந்தவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நூத்திப் பத்துக்குக் கொட்டதான் வரும்," என்றார்.