பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில்தான் பூரணி பல மாதமாக லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளுக்கென்று ஒரு கணக்குப் பாடம் செய்துவந்தாள். விடை சரியென்றால் திரையில் கொழுந்துக் கூடை நிறையும், தப்பென்றால் கவிழும். ஹட்டனில் புதிதாகத் திறந்த பயிற்சி நிலையமொன்றில் ஆசிரியர் வேலை ஒன்று இருந்தது. சொந்தமாகச் செய்த பாடத்தோடு நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை கிடைத்தால் அம்மாவைப் போல விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதில்லை.

அதே வேலைக்கு அவளுடைய அத்தை மகன் திலக்ஷனும் மனுப் போட்டு, அதே கம்ப்யூட்டரில் தனக்கொரு பாடம் செய்துவந்தான். தையில் இருவருக்கும் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. அதனால் அவனைப் போட்டியாக நினைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு வெகுளி.

ஹட்டனில் எல்லாம் லினக்ஸ், வாசிகசாலையில் விண்டோஸ். பாடம் அங்கே ஓடுமா என்று முதலில் இங்கே பார்த்தாக வேண்டும். இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். லினக்ஸை சீடியிலிருந்தே ஓட்டலாம், ஆனால் ஆமை வேகம். விண்டோஸுக்குள்ளேயே ஓட்டலாம், ஆனால் அந்தக் கிழட்டு மெஷினில் அதற்கு மெமரி கிடையாது. விண்டோஸை அடியோடு தூக்கிவிட்டு லினக்ஸை மட்டும் போடலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். மிச்சம் ஒரே வழி: ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அது, மறு பாதியில் இது.

"பிரிச்சுக்குவோம் மச்சான்," என்றாள் பூரணி. "ஆனா அதுக்கு முன்னுக்கு என் பாடத்த ஒரு சீடில எடுத்து வச்சிர்றேன்."

"சரி புள்ள. நீ இல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

மறுநாள் சரஸ்வதி பூஜை. வெற்று சீடியோடு அவள் வந்தபோது, திலக்ஷன் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கீபோர்ட்டின் மேல் பூவைப் பரப்பியிருந்தான்.

"கொஞ்ச நேரந்தான் மச்சான், காப்பி பண்ணிக்கிட்டுப் போயிர்றேன்."

"பூஜைல வச்சதத் தொடலாமா புள்ள? சாமி குத்தமாயிரும். நாளைக்கு விஜயதசமி, நல்ல நேரத்துல எடுத்துக்கலாம்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வாசிகசாலைச் சாவி அவனிடம் இருந்தது. அவள் சீடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

விஜயதசமியன்று காலையில் கும்பிட்டுவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டாள். இன்னும் பிரிக்கவே இல்லை, விண்டோஸ்தான் வர வேண்டும். நேராக லினக்ஸ் வந்து நின்றது. தேடித்தேடிப் பார்த்தாள். விண்டோஸும் இல்லை, அவளுடைய பாடமும் இல்லை.

திலக்ஷன் தலையைச் சொறிந்தான். "நேத்து சாயங்காலம் உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நானே போட்டேன் புள்ள. பிரிக்கச் சொல்றதுக்குப் பதிலா முழுசாப் போடச் சொல்லிட்டேன் போல. கை தவறிப் போச்சு."

சாமி குத்தம் என்றவனே தொட்டிருக்கிறான். இருந்தாலும் கை தவறியவனை ஏச அவளுக்கு மனம் வரவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, எதுவாவது மிஞ்சியிருக்குமா என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்று மிஞ்சியிருந்தது. திலக்ஷனுடைய பாடம், ஒரு படம்கூடக் குறையாமல். கை தவறுவதற்கு முன்பே அதை மட்டும் பத்திரமாக வெளியே எடுத்து வைத்து, பிறகு திரும்பப் போட்டிருக்கிறான், படுபாவி.

"உங்களோடது மட்டும் எப்படி மச்சான் இருக்கு?"

அவன் வெளியே கொழுந்து மலையைப் பார்த்தான்.

"ஒரு எடந்தானே புள்ள இருக்கு. தைக்குப் பொறகு நீ எங்க வீட்டுக்குத்தானே வரப்போற. வேல யாருக்குக் கெடச்சா என்ன?"

பாடத்தை இன்னொரு தடவை செய்துகொள்ளலாம். இவனையல்லவா இத்தனை நாள் நம்பினோம் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அத்தை வீட்டுலதான் இருக்காங்களா?"

"ஆமா. ஏன்?"

"நானே போய்ச் சொல்லிர்றேன். தைக்கு வேற பொண்ணாப் பாக்கட்டும்."

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவன் பின்னால் ஓடி வந்தான். அதற்குள் அவள் அத்தை இருந்த மேல் லயத்துப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள்.