முப்பதடி வட்டம்

சுண்ணாம்புக் கோட்டுக்குள் முழங்கால் ஆழம் வெட்டி முடித்தபோதுதான் செடி வண்டி வந்தது. ஓட்டுநர் இறக்கிவைத்த பதினோரு மரக்கன்றுகளும் என் இடுப்பைத் தொடவில்லை. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இலை. நாங்கள் ஆறு பேர் இரண்டு நாளாக வெட்டிய குழியின் அகலமோ முப்பதடி.

"யானையைப் புதைக்கிற குழியில எலிக்குஞ்சை வைக்கப் போறோமா?" என்றாள் எங்களோடு மண் சுமக்கும் என் மனைவி.

இருபத்திரண்டு வருடம் எவனெவனுக்கோ கீழே மண்வெட்டி பிடித்துவிட்டு, முதல் தடவையாக நானே மேஸ்திரி என்று எடுத்த வேலை இது. புதுப் பள்ளிக்கூடம். சுற்றியுள்ள பொட்டலைத் தோட்டமாக்க வேண்டும். நடைபாதையை ஓரடி தள்ளிப் போட்டதற்காக எங்களுக்கு முன்னால் வந்த கூட்டத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அதனால் வரைபடத்தில் பதினோரு வட்டங்களைப் பார்த்தபோது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்டால் வேலை தெரியாதவன் என்று ஆகிவிடும். செப்டிக் டேங்க், உறைகிணறு என்று நான் பார்த்த தாள்களிலெல்லாம் வட்டம் என்றால் குழிதான். பெரிய இடம், வளர்ந்த மரத்தையே கிரேனில் இறக்குவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்தை வரைந்த அம்மா மத்தியானம் வந்தார். குழியைப் பார்த்தார். கோடு மட்டும் போட்டிருந்த மற்ற பத்து வட்டங்களையும் பார்த்தார். ஒன்றின் குறுக்கே டேப்பை இழுத்து அளந்தார்.

"யார் போட்ட கோடு?"

"நான்தாம்மா. தாள்ல இருக்கிற மாதிரியே."

"அரை இஞ்ச் பிசகலை." டேப் சடாரென்று சுருண்டது. "ஆனா இது குழி இல்ல மேஸ்திரி. நிழல்."

"என்னம்மா?"

"மரம் முழுசா வளர்ந்தா கிளை இதுவரைக்கும் வரும். உச்சிவெயில்ல நிழல் இந்தக் கோட்டுல நிக்கும். அதைத்தான் வரைஞ்சேன். குழி இவ்ளோதான்." இரண்டு கையாலும் ஒரு கூடை அகலம் காட்டினார்.

"அப்ப நாங்க மூட்டை கட்டணுமா?"

"கட்டிட்டா இதை யார் மூடுவா? நானா?"

அவர் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். போன இடத்திலெல்லாம் முதல் வேலையாக, இருக்கிற மரத்தை வெட்டிப்போடத்தான் சொல்வார்கள். இங்கே இல்லாத நிழலுக்கு அளவெடுத்துப் படம் போட்டிருக்கிறார்கள். கோட்டோரமாகச் சுற்றி நடந்தேன். நாற்பது எட்டு வந்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் உள்ளே உட்காரலாம். அண்ணாந்து பார்த்தேன். வெறும் வானம். இருந்தும் குரலை உயர்த்திப் பேசத் தோன்றவில்லை.

மறுநாள் குழியை மூடினோம். அடுத்த வட்டத்தின் நடுவில் முதல் கன்றை நட்டோம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிமெண்ட் கொட்டகைக்கு ஓட, என் மனைவி மட்டும் தூக்குச்சட்டியோடு அந்த வட்டத்துக்குள், கோட்டோரமாகப் போய் உட்கார்ந்தாள். நடுவில் கன்றடியில் உள்ளங்கை அளவுக்கு நிழல் கிடந்தது.

"மண்டை காயப் போகுது. எந்திரிச்சு வா."

"நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்து காலை நீட்டினேன். சட்டியைத் திறந்தவள் நிறுத்திவிட்டு என் பாதத்தைப் பார்த்தாள்.

"கால் வெயில்ல இருக்கு பாருங்க."

குதிகால் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே கிடந்தது. உள்ளே இழுத்துக்கொண்டேன்.