மிச்சம் ஐந்து கயிறு

...மாமியார் இன்னைக்கும் முன்னாடி வந்து நின்னுட்டா, வயித்துல பன்னெண்டு குட்டி இருந்தாலும் கண்ணு என்னமோ அடுத்தவ தொட்டியிலதான், என்று அன்று என் வீட்டுக்காரர் சொன்னதும், மெதுவா, உங்கம்மா காதுல விழுந்தா இனிமே உங்களுக்கும் தொட்டியிலதான் சாப்பாடு, என்று நான் சொன்னதும், அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே கடைசிக் கதவுப்பக்கம் போனதும்... அவ்வளவுதான், அதற்குமேல் நாங்கள் பேசவில்லை. மாமியார் என்பது காது கிழிந்த ஒரு பெரிய சினைப்பன்றி, அவர் வைத்த பெயர். எட்டு அடைப்பு, அடைப்புக்கு ஒரு கயிறு, ஐந்து பன்றி, நாற்பதும் சினை, நாற்பதும் இப்போதும் கத்துகின்றன, நான் முதல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கதவருகே இப்போது கொழுந்தன் நிற்கிறான், இழுங்க அண்ணி, காது கிழியுது, என்கிறான். இழுத்தேன். தொட்டிகளுக்கு மேலிருக்கும் ஐந்து பெட்டிகளும் ஒன்றாகத் திறந்து தீவனம் விழ, ஐந்து தலையும் ஒன்றாகக் குனிந்தன, ஒன்றாக விழுந்தால்தான் வலியது எளியதைத் தள்ளாது... இரண்டாவது. பக்கத்து அடைப்பில் மெல்லும் சத்தம் கேட்டுவிட்டால் மற்றவை பொறுக்காது, ஒன்றின்மேல் ஒன்று ஏறும், விலாவில் முட்டும், சினை கலையும், அதனால் ஆரம்பிச்சா எட்டையும் முடிச்சுட்டுத்தான் மூச்சு விடணும், நடுவுல கூரையே விழுந்தாலும் நிக்காதே... யார் சொல்லிக்கொடுத்தது? அவர்தானே?

மூன்றாவது கயிறு. அன்று இங்கே நின்றுதான் பார்த்தேன், அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், பார்த்தேன். எட்டாவது கயிறு முடியாமல் ஒருநாளும் உட்காராத மனுஷன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு... எனக்கு என்ன தோன்றியது? கோபம். எல்லாத்தையும் நானே இழுக்கணுமாக்கும், துரைக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாக்கும் என்று, ஆமாம், அப்படித்தான் தோன்றியது, நான்காவதை இழுத்தேன். ஐந்தாவதில் ஒரு மூடி சிக்கிக்கொண்டது, குச்சியால் தட்டினேன், எத்தனை தட்டு, நான்கா, ஐந்தா... ஆறாவதை இழுத்துவிட்டுத் திரும்பியபோது அவர் உட்கார்ந்த இடத்தில் வாளி மட்டும் உருண்டு கிடந்தது. அப்போதாவது ஓடியிருக்கலாம். இரண்டுதானே மிச்சம், இவை முட்டிக்கொண்டால் என்ன ஆவது, கை தானாகப் போனது, ஏழு, எட்டு... பிறகு அந்த அமைதி, கத்தல் சட்டென்று நின்று நாற்பது வாய்களும் மெல்லும் சத்தம் மட்டும், தினமும் நாங்கள் இருவரும் காத்திருக்கும் அமைதி. அதற்குப் பிறகுதான் ஓடினேன், கதவோரம் விழுந்து கிடந்தார். அவர் கூப்பிட்டிருப்பாரா? அந்தக் கூச்சலில் கூப்பிட்டிருந்தால்தான் எனக்கு என்ன கேட்டிருக்கும்? ரெண்டு நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாரா டாக்டர் என்று கேட்டேன், அதெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார். முடியாது என்றால், ஆமாம் என்பதா, இல்லை என்பதா...

ஏழு. இன்று கதவருகே கொழுந்தன் களைத்தாலும் சுவரில் சாய்கிறான், உட்காருவதில்லை, இவனுக்குத் தெரிந்திருக்குமோ, எப்படித் தெரியும், ஐந்து கயிற்றைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லையே. எட்டு. முடிந்தது, மெல்லுகின்றன. அவர் போன மூன்றாம் நாள், வீடு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு பக்கம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், எனக்குக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை, பாவம் உறைஞ்சு போயிட்டா, அழ வைங்க என்றார்கள். கொட்டகையிலிருந்து கொழுந்தன் வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு கேட்டேன்... ஏதாவது கலைஞ்சுதா? புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான். இல்ல அண்ணி, ஒண்ணுகூட இல்ல, என்றான். முதலில் வந்தது நிம்மதிதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.