மேடான முகம்

மதியத் தூக்கத்திலிருந்து விழித்தபோது அறை முழுவதும் பொன்னாக இருந்தது. ஜன்னல் வெயிலில் தங்க ரேக்கின் பொடி மிதந்தது. இன்னும் கனவுதானோ என்று கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். அக்கா பலகையின் மேல் குனிந்து, தூங்கும் குழந்தைக்குப் பவுடர் போடுகிறவள் மாதிரி மெதுவாக எதையோ தடவிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் சாமி படம் செய்கிறவர்கள். கிரீடம், மாலை, தூண் எல்லாவற்றையும் சுண்ணாம்புத்தூளும் கோந்தும் குழைத்து மேடாக எழுப்பி, மேலே ரேக்கு என்கிற மெல்லிய தங்கத் தகடு ஒட்டுவது அக்கா. முகம் என் பங்கு. எங்கள் வீட்டு வழக்கத்தில் முகத்துக்கு மேடு கிடையாது. பலகையோடு பலகையாக வண்ணம் மட்டும்தான். போன வருஷம் சர்க்கரை வியாதி அக்காவின் கண்ணைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் அவள் வேலையை விடவில்லை. விரல் போதும் என்றுவிட்டாள். வாயைப் போலவே விரலும் நீளம் என்று நான் கேலி செய்வேன்.

எழுந்து போய்ப் பார்த்தேன். தூக்கம் ஓடிவிட்டது. லட்சுமியின் முகம் வரவேண்டிய இடத்தில் மூக்கும் கன்னமும் ஈரமாக உப்பி நின்றன. வாரக் கடைசியில் படத்தை வாங்க வருகிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. புத்தி கெட்டுப்போச்சா, இத்தனை வருஷமாகச் செய்த தொழில் மறந்துபோச்சா என்று கத்திவிட்டு, சுரண்டும் கத்தியை எடுத்தேன். காய்வதற்குள் எடுத்தால்தான் பலகை பிழைக்கும்.

அக்கா தடுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நகையெல்லாம் கைக்குத் தெரியுதுடி. நடுவுல வந்தா வழவழன்னு ஒண்ணுமே இல்ல. சாமி இருக்கற எடத்துல யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

கத்தியை வைக்கப் போன கை நின்றது. அகன்ற நெற்றி. லேசாகக் கோணிய மூக்கு. வலது கன்னத்தில் ஒரு பரு. எந்த லட்சுமிக்குப் பரு உண்டு?

"இது நான்க்கா."

"வேற எந்த மொகம் என் கைக்குத் தெரியும்? நீ தூங்கறப்ப தெனமும் தொட்டுப் பாக்கறேன். மறந்துடக் கூடாதில்ல."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கத்தியைக் கீழே வைத்தேன். வருகிறவர்களுக்கு வேறு பலகை செய்து கொடுக்கலாம். தாமதத்துக்குத் திட்டினால் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.

எங்கள் வேலையில் கண் திறப்பதுதான் கடைசி. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மேடு காய்ந்து, வண்ணமும் பூசி முடித்த அன்று, தூரிகையை அக்காவின் கையில் கொடுத்தேன். அவள் இடது விரலால் இமையைத் தடவிக் கண்டுபிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவிழியை வைத்தாள். ஒரு கண் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது.

"சரியா வெச்சேனா?" என்று கேட்டாள்.

"என்னைத்தான் பாக்குது," என்றேன்.