அருகம்புல் அகப்படாத கல்யாணம்

நல்லசாமி கங்காணி மேய்ச்சல் தரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் பசியாறுவார். மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நின்ற சீமைப் புல் அவர் ஆசையாய் விதைத்தது. நம்மூர்ப் புல் என்றாலே அவருக்கு இளப்பம். "வெள்ளக்காரன் மாடு திங்கிற புல்லுலா இது!" என்று தோட்டமெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

முதல் வருஷம் பால் பொங்கத்தான் செய்தது. போகப் போகப் புல் ஆளுயரம் வளர்ந்து தண்டு முற்றியது. மாடுகள் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. அதன் நிழலில் தும்பை போனது, துத்தி போனது, குப்பைக்கீரையும் போனது. மனைவி ராக்கம்மா புலம்பினால், "களதானே, ஒழியட்டும்" என்பார்.

வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். கங்காணியின் ஒரே மகள் லெட்சுமியின் கல்யாணத்தன்று பார்த்து, வெளியே பட்டாளம் தேடுதல் வேட்டையில் இறங்கிவிட்டது. யாரும் வெளியே போக முடியாதபடி தோட்டத்துக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

பூசாரி மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துவிட்டுக் கை நீட்டினார். "அருகம்புல் எங்கங்க?"

தேடினார்கள், தேடினார்கள். எங்கும் சீமைப் புல்தான். அருகு ஒரு கணுகூட இல்லை.

முந்தின நாளே மம்பா தோட்டத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி முனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "பிள்ளையாருக்குப் புல்லு இல்லாத வீட்ல எம்மவன் தாலி கட்ட மாட்டான். முகூர்த்தம் தப்புச்சுன்னா நாங்க கெளம்புறோம்." கேட் பூட்டியிருப்பதை அவருக்கு நினைவூட்ட யாருக்கும் தைரியமில்லை. மணப்பெண் அழத் தொடங்கினாள்.

"வேலியோரம் பட்டாளத்துக்காரன் புல்ல ஒட்ட வெட்டி வெச்சிருக்கான்ல? அங்க உங்க சீமப்புல்லு ஏறல. ஓடுங்க!" என்றாள் ராக்கம்மா.

பட்டு வேட்டியோடு கங்காணி வேலியோரம் மண்டியிட்டுத் தரையைத் தடவினார். காவல் கொட்டகையிலிருந்து துப்பாக்கி நீண்டது.

"சுடாதீங்க தொவான், ஐயா! புல்லு! சாமிக்குப் புல்லு!" என்று மலாயில் அலறிக் கையைத் தூக்கினார். அப்போதுதான் பிடுங்கிய நாலைந்து அருகு கையில் இருந்தது.

மலாய்க் காவலர் அப்பால் நின்ற சீமைப் புல்லைக் காட்டினார். "அவ்வளவு இருக்கே, உங்க சாமிக்கு அது ஆகாதா?"

"அத மாடுகூடத் திங்காது தொவான்." இத்தனை வருஷத்தில் அந்த உண்மை கங்காணி வாயிலிருந்து வந்தது அன்றுதான். காவலர் சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

தாலி ஏறியது. நல்லசாமி சபை நடுவே கைகூப்பினார். "சீமையிலேருந்து வந்தா ஒசத்தி, நம்மகிட்ட இருக்கிறது களன்னு நெனச்சேன். வெதைக்கிறது சுளுவு, அழிஞ்சதக் கொண்டாறது ஒரு தலமொற வேல. புதுச ஒண்ண வெதைக்கு முன்னால, அது எத அழிக்கும்னு கேட்டுக்கங்க."

"அத மொதல்ல வீட்ல பொண்டாட்டிகிட்ட கேளுங்க" என்றாள் ராக்கம்மா.