இடது கையில் நாலு தட்டு

"ஒரு அசைக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான் சார்" என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மிருதங்கக்காரரும் மனைவியின் இடது கையைப் பிடித்து ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். தண்-ணி-வே-ணும். நாலு தட்டு. மூன்றாவது முறை 'தண்ணி'க்கும் 'வேணும்'க்கும் நடுவில் கொஞ்சம் காலி இடம் தெரிந்தது. நாற்பது வருடத்து விரல் சும்மா இருக்குமா? மூன்று சுற்று உருட்டி, கச்சேரியில் தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானமே ஒன்று வைத்துவிட்டார். பாதி வாக்கியத்தைப் பாட்டாக எட்டிப் பிடித்திருந்த மனைவி அதைத் தவறவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"சார், கொஞ்சம் வெளியில இருங்க."

எந்த மேடையிலிருந்தும் அவரை யாரும் இறக்கியதில்லை. இறக்கியிருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அது வேறு கதை.

பாடகியான மனைவிக்கு மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்து ஐந்து வாரம். வலது கை விளங்கவில்லை, பேச்சு போயிற்று. ஆனால் பாடினால் மட்டும் சொல் வந்தது.

"பேச்சு வர்ற ரோடு அடைச்சிருக்கு. பாட்டு வலப்பக்கத்துச் சந்து வழியா வருது. அதுலயே பேச்சையும் கூட்டிட்டு வரப் பாக்குறோம்" என்றார் ஆஸ்பத்திரி நடையில் எதிர்ப்பட்ட டாக்டர்.

"வந்துடுமா?"

"பாக்கலாம்."

"நான் கூட இருக்கறது அவளுக்கு நல்லதா, கெடுதலா?"

"அதையும் பாக்கலாம்."

கண் டாக்டர்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்.

பயிற்சி முடிந்து வெளியே வந்த பெண்ணிடம், "நாளைக்கு நான் வரட்டுமாம்மா?" என்றார்.

"உங்க இஷ்டம் சார்."

இஷ்டத்துக்கு என்ன குறைச்சல்? பயம்தான். கஷ்டப்பட்டு வரும் நாலு சொல்லையும் தானே விரட்டிவிட்டால்?

உள்ளே போனார். தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தார். இடது கையால் மனைவியின் இடது கையை எடுத்து, அசைக்கு ஒன்றாக மெத்தையில் தட்டினார். மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம்: "நா-ளைக்-கு... நான்... வ-ரட்-டு-மா?"

பெரிய காலி இடம். தொடைக்கு அடியில் விரல்கள் துடித்தன. அவர் அசையவில்லை.

அவர் பிடிக்குள் இருந்த கை தானாக எழுந்து தட்டியது.

"வாங்-க" என்று பாடினாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு தட்டாக:

"வா-சிக்-கா-தீங்-க."